இரைச்சலோடு சுருதியும் போச்சு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே செய்கிற ஒரு நல்ல காரியம், வீட்டில் இருக்கும் பழைய பொருள்களை அதற்குள் ஏற்றுவது. அப்பா, அம்மா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்வோம். பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்குவோம். பரணில் கிராமபோன் ரெக்கார்டு இருந்தால் அதையும் விட மாட்டோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆர்வக் கோளாறில் ஒரு ரெக்கார்டை நிரந்தரமாக இழந்தேன். அதே தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் தாத்தா திருவண்ணாமலையில் மைக் செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, தீபத் திருவிழா என்று எது வந்தாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ரெக்கார்டு போடுவதுதான் அவர் தொழில். கடையில் வேலை செய்த பையன்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு ரெக்கார்டின் லேபிள் மீதும் எண் எழுதிய காகிதத்தை ஒட்டிவிடுவாராம். அப்படி மிஞ்சிய முப்பது சொச்சம் ரெக்கார்டுகளில் 47ஆம் எண் ஒரு நாதஸ்வரத் தட்டு. ராகம் தோடி. வாசித்தவர் யார்? ஒட்டிய காகிதத்துக்கு அடியில் பெயர் மாட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் லேபிளும் சேர்ந்து வருகிறது. தாத்தாவுக்கு அது 'நாற்பத்தேழு', அவ்வளவுதான்.

2016 டிசம்பரில், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு விடுமுறையில், தெரிந்தவர் ஒருவரிடம் ரெக்கார்டு ப்ளேயரை இரவல் வாங்கி எல்லாவற்றையும் லேப்டாப்பில் பதிவு செய்தேன். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. 47ல் மழை பெய்வது போல 'சர்ர்' என்று ஒரே சத்தம். நான் 30 டெசிபல் அளவுக்குக் குறைத்தேன். இரைச்சல் மாயமாய் மறைந்தது! பெருமையோடு 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று மூல வேவ் ஃபைலை அழித்துவிட்டேன்.

தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "கரகரப்பு போச்சு, சரி. ஒத்து எங்கடா போச்சு? தவிலைப் பஞ்சு மூட்டை மேல வெச்சு அடிச்ச மாதிரி இருக்கே!" என்றார். ரெக்கார்டுதான் இருக்கிறதே, மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 2018 பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டி கீழே விழுந்தது. 47 நான்கு துண்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது, ஒத்து இல்லாத அந்த எம்பி3 மட்டும்.

ஒத்து ஏன் காணாமல் போனது?

இதைப் புரிந்துகொண்டால் கடையில், இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுகளின் மறுவெளியீடுகளையும் எடைபோடத் தெரிந்துவிடும்.

இரைச்சல் நீக்கும் சாப்ட்வேருக்குச் சங்கீதம் தெரியாது. பாட்டு இல்லாத ஓர் இடத்தை நாம் மாதிரியாகக் காட்டுகிறோம். ஒவ்வொரு அலைவரிசையிலும் அந்த அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் அது இரைச்சல் என்று முடிவு கட்டி அமுக்கிவிடுகிறது. நம் சங்கீதத்தில் அடியில் மெல்லிதாக, நிற்காமல் ஓடுவது எது? சுருதி! நாதஸ்வரத்துக்கு ஒத்து, பாட்டுக்குத் தம்புரா. இரைச்சலின் மட்டத்திலேயே அதுவும் இருப்பதால், இரைச்சலோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது.

'டிக் டிக்' சத்தத்தை நீக்கும் வசதியும் அப்படித்தான். திடீரென்று எழும்பி அடங்கும் கூர்மையான ஒலியைத்தான் அது தேடுகிறது. கீறலும் அப்படித்தான் ஒலிக்கும், தவிலின் அடியும் அப்படித்தான் ஒலிக்கும். அதிகமாக வைத்தால் கீறலோடு அடியின் கூர்மையும் மழுங்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. நான் நீக்கிய இரைச்சலில் பாதி ரெக்கார்டின் குற்றமே அல்ல. நான் பயன்படுத்தியது எல்.பி. தட்டுக்கான முள். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அதைவிட அகலம். அதற்கான முள் சுமார் மூன்று மடங்கு பருமன். எல்.பி. முள் பள்ளத்தின் அடியில் உள்ள தூசியைத் தடவிக்கொண்டே போகும். சரியான முள்ளைப் போட்டிருந்தால் சாப்ட்வேருக்குப் பாதி வேலை இருந்திருக்காது.

எவ்வளவு ஒலி உள்ளே இருக்கிறது?

இந்தியாவில் கிராமபோன் கம்பெனி முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தது 1902ல், கல்கத்தாவில். பாடியவர்களில் ஒருவர் கவுஹர் ஜான், பதிவு செய்தவர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். அப்போது மைக் கிடையாது. பெரிய புனலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். 1925க்குப் பிறகுதான் மைக் வைத்த மின் ஒலிப்பதிவு வந்தது. தமிழ்நாட்டில் 1930களில் ரெக்கார்டு மோகம் பரவியது. ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு முன்னால் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை விற்ற கடைதான். கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர் குரல்களெல்லாம் ஊர் ஊராகப் போனது இந்த அரக்குத் தட்டுகளில்தான். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும்.

மின் ஒலிப்பதிவிலும் அந்தக் காலத் தட்டுகளில் பெரும்பாலும் சுமார் 5,000, 6,000 ஹெர்ட்ஸ் வரைதான் பாட்டு இருக்கும். அதற்கு மேலே கேட்பது பெரும்பாலும் முள் உரசும் சத்தம். அதைக் கொஞ்சம் குறைப்பதில் தவறில்லை. ஆனால் அதே உரசல் கீழேயும், பாட்டோடு கலந்து இருக்கிறது. அங்கே கை வைத்தால் பாட்டும் சேர்ந்து வரும்.

அதனால் என் கருத்து இதுதான்: 1930களின் தட்டு ஒன்று நேற்றுப் பதிவு செய்தது போலத் துளி இரைச்சல் இல்லாமல் ஒலித்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். எதையோ கொடுத்துத்தான் அந்த அமைதியை வாங்கியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இந்தச் சண்டை பழையது. அமெரிக்க ஜாஸ் ரெக்கார்டுகளைச் சேகரிப்பவர்கள், ஒரே தட்டின் நான்கைந்து மறுவெளியீடுகளை வாங்கி ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஜான் ஆர்.டி.டேவிஸ் என்ற இங்கிலாந்துக்காரரின் பெயரைப் பார்த்தாலே நம்பி வாங்குவார்கள். கீறல்களை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கி, வாத்தியத்தைத் தொடாமல் விட்டவர் அவர். ஆஸ்திரேலியரான ராபர்ட் பார்க்கர் 1980களில் அதே பழைய ஜாஸ் தட்டுகளை ஸ்டீரியோ போல மாற்றி வெளியிட்டார். நிறையப் பேர் ரசித்தார்கள். சேகரிப்பாளர்கள் பலர் திட்டினார்கள். நம் ஊரில் இந்தச் சண்டை போதாது என்பது என் ஆதங்கம். 'டிஜிட்டல் ரீமாஸ்டர்டு' என்று அட்டையில் போட்டால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

ஒரு ஹெட்போனும் ஆடாசிட்டியும் போதும்.

1. சுருதி இருக்கிறதா? பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் கவனியுங்கள். தம்புராவோ ஒத்தோ தொடர்ந்து கேட்க வேண்டும். பாட்டு நின்றதும் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி மொத்த அமைதி வந்தால், இரைச்சல் நீக்கத்தில் அளவு மீறிவிட்டார்கள்.

2. இரைச்சல் மூச்சு விடுகிறதா? குரல் வரும்போது இரைச்சலும் எழும்பி, குரல் அடங்கும்போது அதுவும் அடங்கினால் சாப்ட்வேர் திறந்து மூடுகிறது என்று பொருள். ஒரே அளவில் ஓடும் இரைச்சலுக்குக் காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். ஏறி இறங்கும் இரைச்சலுக்குப் பழகவே பழகாது.

3. வேகம் சரியா? அந்தக் காலத்தில் எல்லாத் தட்டுகளும் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 80 சுற்றில் பதிவானதை 78ல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரை சுரஸ்தானம் சுருதி இறங்கிவிடும். ஒரே தட்டின் இரண்டு மறுவெளியீடுகள் கிடைத்தால், முதல் சுரத்திலிருந்து கடைசி சுரம் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். நான் ஒப்பிட்ட ஒரு பாட்டு ஒன்றில் 190 விநாடி, மற்றதில் 182 விநாடி. முக்கால் சுரஸ்தானம் வித்தியாசம்! இரண்டில் ஒன்றாவது தவறு. பாடகரின் மற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டால் எது என்று ஓரளவு தெரியும்.

4. ஸ்டீரியோ போலியா? 78 தட்டுகள் பொதுவாக மோனோதான். ட்ராக் மெனுவில் இடது, வலது பக்கங்களை இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரியுங்கள். ஒன்றுக்கு மட்டும் எஃபெக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். சத்தமே வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றுதான், நல்லது. எதிரொலி மாதிரி ஏதாவது தெளிவாக மிஞ்சினால், யாரோ மசாலா சேர்த்திருக்கிறார்கள்.

5. தாளம் கூர்மையாக இருக்கிறதா? மிருதங்கமோ தவிலோ, அடி விழும் அந்தக் கணம் தெறிக்க வேண்டும். பஞ்சு மூட்டைச் சத்தம் கேட்டால் என் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பதிவு செய்தால்...

முதலில் லேபிளைப் போட்டோ எடுங்கள். லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி வையுங்கள். அதுதான் அந்தப் பதிவின் ஆதார் எண். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். 78க்கான முள்ளை வாங்குங்கள். இன்றைய லேப்டாப்களில் லைன்-இன் துளை பெரும்பாலும் இருப்பதில்லை. யு.எஸ்.பி. வசதி உள்ள ரெக்கார்டு ப்ளேயரோ, தனி யு.எஸ்.பி. சவுண்ட் கார்டோ தேவை.

பதிவு செய்ததை வேவ் அல்லது ஃப்ளாக் ஃபைலாகச் சேமியுங்கள். சிடி தரத்தில், மோனோவில், மூன்று நிமிடத்துக்கு வேவ் ஃபைல் சுமார் 16 எம்பி. நூறு பக்கங்களுக்கு 1.6 ஜிபி. ஒரு சினிமாவுக்கு ஆகும் இடம்தான்! மூலத்தில் கை வைக்காதீர்கள். காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் இரைச்சலைக் குறையுங்கள். 6 டெசிபலில் ஆரம்பியுங்கள். மூலத்தை இரண்டு இடங்களில் வையுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல சாப்ட்வேர் வரும். அதற்குக் கொடுக்க உங்களிடம் மூலம் இருக்க வேண்டும்.

உரிமைப் பிரச்னை வருமா என்று கேட்பீர்கள். இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. வெளியே பகிர்வதற்கு முன் இரண்டையும் பாருங்கள்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். மும்பையில் 1990ல் தொடங்கிய இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர் சங்கத்தின் முயற்சியில், யங் இந்தியா, ஓடியன் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றில் டிஜிட்டலாகியிருக்கின்றன. அங்கெல்லாம் முதலில் தட்டின் எண்ணைத்தான் கவனிக்கிறார்கள். விற்பனைக்கு வெளியிடுகிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: எந்தத் தட்டு, என்ன எண், என்ன வேகத்தில் ஓட்டினீர்கள், எதை நீக்கினீர்கள்? அட்டையில் நான்கு வரி போதும். சுருதியோடு இருக்கும் ஒரு பிரதிக்கு, இரைச்சல் கூடுதலாக இருந்தாலும், நான் கூடுதல் விலை கொடுக்கத் தயார்.

47 என்ன ஆயிற்று? நான்கு துண்டுகளையும் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், தட்டை முள்ளால் தொடாமல், பள்ளங்களைப் படமெடுத்து அதிலிருந்தே ஒலியைக் கணக்கிட்டு எடுக்கும் ஐரீன் என்ற முறையை உருவாக்கியிருக்கிறார்கள். உடைந்த தட்டையும் அதில் படிக்க முடியும். அதனால் உடைந்தாலும் குப்பையில் போடாதீர்கள். ஒரு துண்டில் பொறித்த எண் முழுசாக இருக்கிறது. அதை வைத்து வித்வான் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கேயாவது இன்னொரு பிரதி இருக்கக்கூடும்.

சென்ற கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனபோதும் தாத்தா கேட்டார், "நாற்பத்தேழு கிடைச்சுதா?" என்று. இன்னும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் அரக்குத் தட்டு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். பதிவு செய்யுங்கள். இரைச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.