பதினஞ்சு சென்ட் போதும் சாமி

ஐ.டி.யில வேலை பார்க்கிற பத்து பேரைக் கேட்டா எட்டு பேர் ஒரே கனவைச் சொல்லுவாங்க. "இன்னும் அஞ்சு வருஷம் மச்சி, அப்புறம் வேலையைத் தூக்கிப் போட்டுட்டு ஊர்ப்பக்கம் அஞ்சு ஏக்கர் வாங்கி செட்டில் ஆயிடுவேன்." ஓட்டு வீடு, கிணறு, நாலு மாடு, நாட்டுக்கோழி, திண்ணையில உட்கார்ந்து காபி. எல்லாம் இருக்கும். களை எடுக்கப் போறது யாருங்கிறது மட்டும் அந்தக் கனவுல இருக்காது.

இந்தக் கனவு மேல எனக்கு ஒரே ஒரு புகார்தான். அது ரொம்பப் பெருசு. பெருசா இருக்கிறதாலேயே முக்கால்வாசி பேருக்கு நடக்காது. நடந்தாலும் மண்ணுல குனியப் போறது வேற யாரோ. இதையே சின்ன அளவுல, வேலையையும் விடாம, பல தலைமுறையா செஞ்சுகிட்டிருக்கிற ஒரு நாடு இருக்கு. ரஷ்யா.

ரஷ்யக் கதைகளைத் தமிழ்ல படிச்சவங்களுக்கு 'தாச்சா' புதுசில்ல. நகரத்துக்கு வெளியில இருக்கிற தோட்ட வீடு. 'கொடு' என்ற ரஷ்ய வினைச்சொல்லிலிருந்து வந்த பேர். மகா பீட்டர் காலத்துல ஜார் மன்னர் தன் ஆட்களுக்கு பீட்டர்ஸ்பர்க் பக்கம் நிலம் கொடுத்தார், அதனால தாச்சா. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரயில் வந்ததும் நடுத்தர வர்க்கமும் கோடைக்கு வாடகை தாச்சாவுக்குக் கிளம்பிடுச்சு. 1904-ல் மேடையேறிய செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்துல வியாபாரி லொபாகின் கொடுக்கிற யோசனையே இதுதான்: பழத்தோட்டத்தை வெட்டி, மனை மனையாப் பிரிச்சு தாச்சாவுக்கு வாடகைக்கு விடுங்க, கடன் அடையும். நம்ம ஊர் ரியல் எஸ்டேட் புரோக்கர் தோத்தாரு போங்க :-)

ஆனா நான் சொல்ல வர்ற தாச்சா இதெல்லாம் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச பிறகு, 1949-ல் சோவியத் அரசு நகரத்துத் தொழிலாளர்கள் கூட்டாத் தோட்டம் போட நிலம் ஒதுக்க ஒரு உத்தரவு போட்டது. அதிலிருந்து ஆலை, அலுவலகம், தொழிற்சங்கம் வழியா சாதாரண ஆட்களுக்கும் துண்டு துண்டா நிலம் போய்ச் சேர ஆரம்பிச்சது. வழக்கமான அளவு ஆறு சோத்கா. ஒரு சோத்கான்னா 100 சதுர மீட்டர். ஆக மொத்தம் 600 சதுர மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட பதினஞ்சு சென்ட். பாரதி பராசக்திகிட்ட கேட்டது ஒரு காணி. அதுல ஒன்பதுல ஒரு பங்குதான் இது.

அதுக்கும் ஆயிரத்தெட்டு கட்டுப்பாடு. 1960-கள்ல வீடு 25 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. மாடி கட்டக்கூடாது. குளிர்காலத்துல குடியேறிடுவாங்களோன்னு கணப்பு அடுப்புக்கும் தடை. 1980-கள்லதான் பிடி தளர்ந்தது. நிலத்தைச் சும்மா போடாம பயிர் வைக்கணும்ங்கிறதும் நிபந்தனை. கேட்க அராஜகமா இருக்கும். ஆனா விளைவைப் பாருங்க: பக்கத்து மனைக்காரனும் அதே ஆறு சோத்கா, அதே குட்டி வீடு, அதே மரக் கழிவறை, கூரைத் தண்ணி பிடிக்கிற அதே பீப்பாய். அங்க பந்தா காட்ட ஒரே வழி, அவனைவிடப் பெரிய தக்காளி விளைவிக்கிறதுதான்.

தக்காளி அங்க லேசுப்பட்ட விஷயமில்லை. மாஸ்கோ பக்கம் ஜூன் ஆரம்பத்துல கூட உறைபனி வரலாம். நேரா மண்ணுல விதைச்சா, பழம் பழுக்கறதுக்குள்ள குளிர் திரும்பி வந்துடும். அதனால பிப்ரவரி, மார்ச்லயே, வெளியில பனி மூடிக் கிடக்கும்போது, அடுக்குமாடி வீட்டு ஜன்னல் திண்டுல தயிர் டப்பாவிலும் பால் அட்டைப்பெட்டியிலும் விதை போட்டுடறாங்க. ஏப்ரல்ல ஜன்னல் முழுக்க நாத்துதான். பர்ச் மரத்தின் இலை கோபெக் காசு அளவுக்கு வந்தா உருளைக்கிழங்கு நடலாம்னு ஒரு பழைய கணக்கு உண்டு. அது அநேகமா மே 1, மே 9 விடுமுறைகளை ஒட்டி வரும். அப்போ புறநகர் மின்சார ரயிலைப் பார்க்கணும். நம்ம தாம்பரம் லோக்கல் கூட்டத்தைக் கற்பனை பண்ணிக்குங்க, ஆனா எல்லார் மடியிலயும் தக்காளி நாத்து, காலடியில மண்வெட்டி, நடுவுல கூடைக்குள்ள ஒரு பூனை.

கோடை முழுக்க களை. கொலராடோ வண்டு வந்தா உருளைச் செடியை மொட்டையடிச்சிடும். அதைக் கையால பொறுக்கி டப்பாவுல போடுறது பசங்களோட லீவு வேலை. ஆகஸ்ட்ல வெள்ளரிக்காய் குவியும். பூண்டு, சதகுப்பை, பிளாக்கரண்ட் இலை எல்லாம் போட்டு, உப்புத் தண்ணி ஊத்தி மூணு லிட்டர் கண்ணாடி ஜாடியில அடைச்சாகணும். நம்ம பாட்டிங்க மாவடு போடுற அதே தீவிரம்.

சரி, இதெல்லாம் கட்டுபடியாகுமா? விதை, உரம், ரயில் டிக்கெட், முதுகு வலித் தைலம் எல்லாம் கூட்டினா கடையில வாங்குறதே மலிவுன்னு சொல்ற ஆட்கள் அங்கேயும் இருக்காங்க. சாதாரண வருஷத்துக்கு அது சரியான கணக்குதான். எல்லா வருஷமும் சாதாரண வருஷம் இல்லையே. 1942-ல் முற்றுகையில கிடந்த லெனின்கிராடில் புனித ஐசக் தேவாலயத்துக்கு முன்னாடி இருந்த சதுக்கத்துலயே முட்டைக்கோஸ் பயிர் பண்ணாங்க. சோவியத் யூனியன் உடைஞ்ச பிறகு, 1990-கள்ல மாசக்கணக்கில் சம்பளம் வராத குடும்பங்கள் ஏராளம். அந்தப் பத்தாண்டின் கடைசியில ரஷ்யாவின் உருளைக்கிழங்கு விளைச்சலில் சுமார் 90 சதவீதம் வீட்டுத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது (கிராமத்து வீடுகளின் தோட்டங்களும் இதில் அடக்கம்). 1998 ஆகஸ்ட்ல ரூபிள் கவுந்தது. அடுத்த மாசம் கிழங்கு தோண்டுற மாசம். பணத்துக்கு மதிப்பு போன நேரத்துல பாதாள அறையில மூட்டை இருந்துச்சு.

நம்ம பாஷைல சொன்னா பேக்கப். சர்வர் ஒழுங்கா ஓடுற நாள்ல பார்த்தா பேக்கப் செலவு தண்டமாத்தான் தெரியும்.

ரொம்பப் புகழ்ந்துட்டேன், மறுபக்கத்தையும் சொல்லிடறேன். இந்த உழைப்பில் பெரும்பகுதி பாட்டிகளோட முதுகு. லீவுன்னாலே வண்டு பொறுக்குறதுன்னு வளர்ந்த பசங்க பலர், பெரியவங்களானதும் கிழங்கு இருந்த இடத்துல புல்தரை போட்டு, ஓரமா கறி சுடுற அடுப்பு வெச்சுட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. பெரிய தலைகளுக்கு அப்போதும் ஆறு சோத்கா கணக்கெல்லாம் கிடையாது, காட்டுக்குள்ள தனி பங்களா. 1991-க்கு அப்புறம் புதுப் பணக்காரங்க எழுப்பின மதில் அதைவிட உயரம். 2019-ல் அமலுக்கு வந்த சட்டப்படி தாச்சா சங்கம்னு தனி வகையே இல்லை. தோட்டச் சங்கம், காய்கறித் தோட்டச் சங்கம் இந்த ரெண்டுதான். ஜனங்க வாயில மட்டும் அது இன்னமும் தாச்சாதான்.

என் கட்சி இதுதான். தாச்சாவைக் காப்பாத்தினது இயற்கைக் காதல் இல்லை. நாலு சாதாரண விஷயம்: நிலம் சின்னது, ரயில் போகும், நாமளே குனியணும், பக்கத்து ஆளும் நம்மள மாதிரியே. இப்போ நம்ம ஊர் பண்ணை வீட்டு விளம்பரத்தை எடுத்துப் பாருங்க. ஏக்கர் கணக்கு, கார் இல்லாம போக முடியாது, "பராமரிப்பை நாங்களே பார்த்துக்குவோம்", சுத்தி வேலி, வாசல்ல செக்யூரிட்டி. நாலுமே நேர் எதிர். அதுல செடி வளரலாம், மதிப்பும் ஏறலாம். வாங்கினவன் கையில மண் ஒட்டாது. அந்த நிலத்துல நேத்து வரைக்கும் கடலை போட்டவருக்கு அதே இடத்துல வாட்ச்மேன் வேலை கிடைச்சா பெரிசு.

சோவியத் ஆலைகளுக்கு ஆயிரம் குறை சொல்லலாம். ஆனா தொழிலாளிக்குப் பதினஞ்சு சென்ட் வாங்கிக் கொடுக்கிறது தன் வேலைன்னு அதுகளுக்குத் தோணியிருக்கு. நமக்கு உணவு கூப்பனும் வருஷத்துக்கு ஒரு டி-ஷர்ட்டும். புறநகர் ரயில் போற தூரத்துல, சொந்தமாக் கூட வேண்டாம், பயிர் வெச்சா மட்டும் வெச்சுக்கலாம்ங்கிற குத்தகைக்கு, சின்னச் சின்னத் துண்டா நிலம் கிடைச்சா எத்தனை பேர் வேலையையும் விடாம, விவசாயி நிலத்தையும் வளைச்சுப் போடாம அந்த ஆசையைத் தீர்த்துக்கலாம்? இதை நம்மில் ஒருத்தரும் கேட்கறதில்லை. எல்லாரும் அஞ்சு ஏக்கருக்கு ஈ.எம்.ஐ. கணக்குப் போட்டுகிட்டிருக்கோம்.

பி.கு.: தாச்சாக்காரங்க கொடுக்கிற சீமைச் சுரைக்காயை மட்டும் வாங்கிடாதீங்க. ஆகஸ்ட்ல எல்லார் தோட்டத்துலயும் அது மலை மலையாக் காய்க்கும், தள்ளி விட ஆள் தேடிகிட்டே இருப்பாங்களாம். ஒண்ணு வாங்கினா அடுத்த வாரம் ஆறு வரும் :-)