பரண்ல கெடக்குற பொட்டிக்கு ஹால்ல ஒரு வேலை

"தம்பி, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, எடைக்குப் போட்டுடலாமா?"

பொட்டி தட்டுற பொழப்புல இருக்குறவன்கிட்ட சொந்தக்காரங்க கேக்குற கேள்விகள்ல இது முக்கியமானது. 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தினதும் இந்தக் கேள்வி இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. பிராசசர் பழசு, டிபிஎம் 2.0 இல்ல, அதனால விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லன்னு சொல்லிட்டாங்க. நேத்து வரைக்கும் நல்லா ஓடின பொட்டி இன்னிக்கு பரண்ல.

என்னோட பதில் ஒண்ணுதான். எடைக்குப் போடாதீங்க. டிவிக்குப் பக்கத்துல வைங்க.

உடனே ஒரு குரல் வரும். "அதான் சின்னதா ஸ்டிக் விக்குதே, சொருகினா வேலை முடிஞ்சுதே?" நியாயமான கேள்வி. ஓடிடி மட்டும் பார்க்கணும்னா ஸ்டிக்தான் சரி, நானே சொல்றேன். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்ல நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆளுங்க 4கே தெளிவுல படம் விட மாட்டாங்க. அந்தப் போட்டிக்கே நாம போக வேண்டாம்.

நான் சொல்ற பொட்டி உங்க வீட்டுச் சரக்குக்கு. எங்க வீட்டையே எடுத்துக்குங்க. சித்தி கல்யாணம் 2003-ல. மூணு விசிடி. எங்க தாத்தா நடக்குறது, பந்தியில நின்னு "இன்னும் கொஞ்சம் சாதம் போடு"ன்னு அதட்டுறது எல்லாம் அந்த மூணு தட்டுல மட்டும்தான் இருந்துச்சு. இப்ப இருக்குற லேப்டாப்ல சிடி டிரைவே கிடையாது. பரண்ல இருந்த பொட்டியில இருந்துச்சு! முதல் ரெண்டு தட்டு படிச்சுது. மூணாவது பூஞ்சை புடிச்சு, எவ்வளவு துடைச்சும் பாதிக்கு மேல நகரல. எந்த ஓடிடியிலயும் மாசச் சந்தா கட்டி அந்த மீதிப் பாதியை வாங்க முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் வேலை, விண்டோஸை அழிக்கிறதுக்கு முன்னாடியே விசிடியெல்லாம் காப்பி எடுத்துடுங்க. தட்டுக்குள்ள எம்பெகேவின்னு ஒரு ஃபோல்டர், அதுல டாட் ஃபைல் இருக்கும். விசிடிக்குன்னு தனி எழுத்து முறை இருக்குறதால லினக்ஸ்ல சும்மா காப்பி அடிச்சா எர்ரர் வரும். விண்டோஸ்ல சுலபம். டி டிரைவ்ல கெடக்குற போட்டோ எல்லாத்தையும் சேர்த்து வெளி ஹார்ட் டிஸ்க்குல ஏத்துங்க. அடுத்து செய்யப்போற வேலை டிஸ்க்கை மொத்தமா துடைச்சுடும்.

அப்புறம் லிப்ரெலெக். இலவசம். பென்டிரைவ்ல ஏத்தி பூட் பண்ணினா நேரா கோடி வந்து நிக்கும். இந்த கோடி பழைய ஆளுதான். எக்ஸ்பாக்ஸ் கேம் பொட்டிக்காக ஆர்வலர்கள் எழுத ஆரம்பிச்சது, எக்ஸ்பிஎம்சின்னு பேரு. 2014-ல கோடின்னு மாத்தினாங்க. படம், பாட்டு, போட்டோ எல்லாத்தையும் அழகா அடுக்கிக் காட்டும். படத்தை அது தராது, நாமதான் வைக்கணும். திருட்டுப் படம் ஓட்டுற ஆட்-ஆன் போட்டுத்தரேன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

பிராசசர் கவலை வேண்டாம். 2015-ல வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைக்கே சாதாரண எச்இவிசி வீடியோவை வன்பொருள்லயே பிரிக்கத் தெரியும். விசிடி வெறும் 352-க்கு 288 புள்ளி, அதுக்கு இதெல்லாம் தூசு. தூசுன்னதும் ஞாபகம் வருது, ஃபேனைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க. மிக்ஸி மாதிரி கத்துற பொட்டியை ஹால்ல யாரும் வெச்சுக்க மாட்டாங்க :-)

கரண்ட்? 50 வாட்ஸ் இழுக்குற பொட்டியை 24 மணி நேரமும் விட்டா மாசம் 36 யூனிட். தினம் நாலு மணி நேரம்னா 6 யூனிட். ஆக, பார்த்து முடிச்சதும் அணைச்சுடுங்க.

இதையெல்லாம் விட முக்கியம் ரிமோட். டிவி ரிமோட்டுக்கு பெரும்பாலான கம்ப்யூட்டர் கட்டுப்படாது. யூஎஸ்பியில சொருகுற சின்ன ரிமோட் ஒண்ணு வாங்கிடுங்க. கீபோர்டும் மவுஸும் சோபாவுல கெடந்தா அது மீடியா சென்டர் இல்ல, இன்னொரு ஆபீஸ். என் அளவுகோல் எங்கம்மாதான். "டேய், சித்தி கல்யாணம் எங்கடா இருக்கு?"ன்னு என்னைக் கூப்பிடாம அவங்களே போட்டுப் பார்த்த அன்னிக்குத்தான் வேலை முடிஞ்சதா ஒத்துக்கிட்டேன்.

இவ்வளவு மெனக்கெடல் தேவையான்னு கேட்டீங்கன்னா, விண்டோஸ் மீடியா சென்டர் 2002-ல வந்துச்சு, 2015-ல விண்டோஸ் 10 வந்தப்ப தூக்கிட்டாங்க. 2010, 2011 வாக்குல வந்த சில சாம்சங் ஸ்மார்ட் டிவியில நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரோட நின்னு போச்சு. டிவி நல்லாத்தான் இருந்துச்சு, முடிவு எடுத்தது வேற யாரோ. நம்ம வீட்டுப் பொட்டி எப்ப ரிடையர் ஆகணும்னு நாமதான் சொல்லணும்.

அந்தப் பொட்டிக்கும் ஒருநாள் ஆயுசு முடியும், அதனால வெளி ஹார்ட் டிஸ்க்குல எடுத்த காப்பியை அழிச்சுடாதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை பரண்ல ஏறுங்க. பொட்டி மெதுவா வரட்டும், முதல்ல அந்தத் தட்டுகளை இறக்குங்க. பூஞ்சை நமக்காகக் காத்திருக்காது.