பத்து வருஷம், 0.2 மெகாபிக்ஸல்

'இருக்கிற டி.எஸ்.எல்.ஆரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மிரர்லெஸ் வாங்கிடலாமா சார்?' என்று கேட்கும் நண்பர்கள் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. யாரும் போட்டோ எடுத்துப் பிழைப்பவர்கள் இல்லை. பாங்கிலோ பள்ளிக்கூடத்திலோ சாஃப்ட்வேர் கம்பெனியிலோ வாரமெல்லாம் மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வத்தல்மலைக்கும் ஏலகிரிக்கும் கிளம்புகிறவர்கள். கேமரா கம்பெனிகள் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'அட்வான்ஸ்டு அமெச்சூர்'. அதாவது ஆசை நிறைய, சம்பளம் ஓரளவு, இ.எம்.ஐ. கட்டத் தெரியும்.

என் பதில்: வேண்டாம். விற்காதீர்கள்.

கடைக்காரர் உங்களைப் பயமுறுத்துவது உண்மைதான். 2020-ல் வந்த மாடல்களுக்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவரவில்லை. சோனி 2021-ல் கடையைக் கட்டிவிட்டது. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பி, பட்டகம் வழியாக நம் கண்ணுக்கு அனுப்ப, பட்டனை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி 'டப்'பென்று எழுந்து வழி விடுகிற ஏற்பாடு இனிமேல் வளரப்போவதில்லை. சரி, வளராவிட்டால்? உங்கள் வீட்டு அம்மிக்கல் மாடல்கூட நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. சட்னி அரைபடாமலா போய்விட்டது?

கணக்குப் பார்ப்போம். நிக்கான் டி750 வந்தது 2014-ல், 24.3 மெகாபிக்ஸல். அதே கம்பெனியின் மிரர்லெஸ் இஸட்6 III வந்தது 2024-ல், 24.5 மெகாபிக்ஸல். பத்து வருஷத்தில் கூடியது 0.2. வேகம் கூடியிருக்கிறது, வீடியோ எங்கேயோ போய்விட்டது, ஓடுகிறவன் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிறது. மறுக்கவில்லை. கல்யாண போட்டோகிராபரும் பறக்கும் பருந்தைத் துரத்துகிறவரும் தாராளமாக மாறட்டும், அவர்களுக்குப் போட்ட காசு திரும்பி வரும். நீங்கள் எடுப்பது மலை, மூட்டம், சாமைக் காடு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனுஷர்கள். இதில் எது ஓடுகிறது?

பிரிண்ட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்றும் பார்த்துவிடலாம். 12-க்கு 8 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பளிச்சென்று அச்சிட 3600-ஐ 2400-ஆல் பெருக்குங்கள். 8.64 மெகாபிக்ஸல். 24 மெகாபிக்ஸலில் 20 அங்குல அகலத்துக்கே போகலாம். நம் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அச்சுக்கே போவதில்லை, வாட்ஸ்அப்பில் நசுங்கிச் சாகின்றன. சாதாரண ஹெச்.டி. டி.வி. திரை முழுக்க நிரப்ப 2 மெகாபிக்ஸல் கொஞ்சம் மேலே போதும்.

கம்பெனிக்காரர்கள் நம்மை ஏணிப்படி ஏற்றுகிற வித்தை புதிதல்ல. 2003-ல் கேனான் 300டி வந்தபோது, ஆயிரம் டாலருக்குள் டி.எஸ்.எல்.ஆரா என்று உலகமே வாய் பிளந்தது. அதற்கு மேல்படியில் இருந்த 10டி-யிலும் 6.3 மெகாபிக்ஸல்தான். சில மாதங்களில் ஓர் ஆர்வலர் 300டி-யின் உள் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டார். ஐ.எஸ்.ஓ. 3200, ஃபிளாஷ் அளவைக் கூட்டிக் குறைப்பது என்று 'இந்த விலைக்குக் கிடையாது' என்றிருந்த வசதிகள் எல்லாம் அதே பெட்டியில் முளைத்தன. உறுப்பு உள்ளேயே இருந்திருக்கிறது, பூட்டி வைத்திருந்தார்கள். நிக்கான் வேறு மாதிரி செய்தது. டி40, டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டாரையே பாடியிலிருந்து எடுத்துவிட்டது. மலிவான பழைய 50 எம்.எம். லென்ஸை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. மோட்டார் வேண்டுமா, டி90 வாங்கு, டி7000 வாங்கு, 'அட்வான்ஸ்டு' ஆகு. வர்ணாசிரமம் கெட்டது போங்கள்.

புது பாடி எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதை வத்தல்மலையிலேயே வைத்துப் பார்க்கலாம். தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள் சுற்றி மேலே போனால் பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று சின்னச் சின்ன ஊர்கள். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆளுகிறவர்கள், பேசுவது தமிழ். காப்பியும் மிளகும் சில்வர் ஓக் நிழலில், சாமையும் கேழ்வரகும் வெயிலில்.

விடிகாலை மூட்டத்தை எடுக்கிறீர்கள், படம் அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக வருகிறது. உடனே சென்சாரைத் திட்டுகிறீர்கள். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து அளப்பதுதான் கேமரா மீட்டரின் பிறவிக்குணம். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், மூட்டம் வெள்ளையாகிவிடும். அதற்கான பட்டன் உங்கள் கேமராவில் வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் இந்த வித்தியாசம் எடுக்கும் முன்பே திரையில் தெரியும் என்பது வசதிதான். டி.எஸ்.எல்.ஆரில் எடுத்தபின் பின்பக்கத் திரையில் தெரியும். நடுவில் இருப்பது ஒரு விநாடி. அந்த விநாடியின் விலை பாடியும் லென்ஸுமாகச் சேர்த்து லட்சத்தைத் தாண்டுகிறது.

அப்புறம் வீட்டுக்குள் இருட்டு. அடுப்படியில் ஒரு பாட்டி, கதவு வழியாக மட்டும் வெளிச்சம். கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ், 55-ல் எஃப்5.6-க்கு மேல் திறக்காது. 50 எம்.எம். எஃப்1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். விலையோ, புது பாடி விலையில் சிறு துண்டு. படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது என்று அழுகிறவர்களில் பாதிப் பேர் இந்த லென்ஸை வாங்கியிருக்க மாட்டார்கள். பாடியை மாற்றுவார்கள், லென்ஸை மாற்ற மாட்டார்கள். கழுத்தில் தொங்கும்போது பாடியின் பெயர்தானே வெளியே தெரிகிறது.

பாட்டரியும் இருக்கிறது. தர அளவீட்டின்படி டி750 ஒரு சார்ஜில் 1,230 படம். நிக்கானின் முதல் இஸட்6 310. கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்குக் கரண்ட் வேண்டியதில்லை, சின்னத் திரை வழியாகப் பார்க்க வேண்டும். மலையில் தங்கி எடுக்கிறவனுக்கு இது சாதாரண விஷயமா?

ஆனால் என்னைக் கோபப்படுத்துவது இதெல்லாம் இல்லை. 'ட்ரைபல் போர்ட்ரெய்ட்' எடுக்கிறேன் என்று கும்பலாக வந்து இறங்குகிறார்களே, அதுதான். ஒரு வீட்டு வாசலில் பத்து லென்ஸ். 'பாட்டி, அந்த பிளாஸ்டிக் குடத்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க. தம்பி, செல்போனை உள்ளே வைப்பா. அம்மா, நைட்டி வேண்டாம், சேலை கட்டிக்கிட்டு வாங்க.' பாட்டி சுருக்கம் விழுந்த முகத்தோடு சூனியத்தைப் பார்க்க வேண்டும், பின்னணி மங்க வேண்டும், படத்துக்கு 'இன்னசன்ஸ்' என்று தலைப்பு. அவர் காப்பிக்கு என்ன விலை வருகிறது, பேத்தி எந்தக் காலேஜில் படிக்கிறாள், பஸ் சரியாக வருகிறதா, எதுவும் யாருக்கும் வேண்டாம்.

நூறு வருஷத்துக்கு முன் மெட்ராஸ் மியூசியத்துக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் இதைத்தான் செய்தார். சாதி சாதியாக, குடி குடியாக ஆட்களை நிறுத்தி, போட்டோ எடுத்து, மூக்கை அளந்து, 1909-ல் ஏழு தொகுதிகளாகப் போட்டார். அதில் மலையாளிகளும் உண்டு. அவர் குறைந்தபட்சம் பேச்சையும் வழக்கத்தையும் எழுதிவைத்தார். நம்மவர்கள் பெயரைக்கூடக் கேட்பதில்லை. தர்ஸ்டன் மூக்கை அளந்தார், இவர்கள் லைக்கை அளக்கிறார்கள்.

இந்தப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் கேமரா அல்ல. பத்து மணிக்கு வந்து நான்கு மணிக்கு இறங்குகிறவனுக்குக் கிடைப்பது அதுதான். எந்த சென்சாரும் அதை மாற்றாது.

மா. கிருஷ்ணனைச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த இயற்கை ஆர்வலர். தொழில்முறை போட்டோகிராபர் அல்ல. மெட்ராஸில் உட்கார்ந்து எழுதிப் பிழைத்தவர். முதுமலை யானைகளை அவர் எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளை. கேமரா? ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மிச்சமெல்லாம் சொந்தக் கைவேலை. அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று கேலிப் பெயர் வேறு. கல்கத்தா ஸ்டேட்ஸ்மனில் 1950-ல் ஆரம்பித்த பத்தியைக் கடைசி வரை எழுதினார். காட்டில் காத்திருந்து பார்த்ததுதான் படத்திலும் வந்தது, பத்தியிலும் வந்தது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் வார்த்தைக்கு 'நேசிக்கிறவன்' என்று அர்த்தம். அட்வான்ஸ்டு அமெச்சூர் என்று அழைத்தால் அவரைத்தான் அழைக்க வேண்டும்.

சினிமாவிலும் பாருங்கள். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9', 2012. விஜய் மில்டன் அதை எடுத்தது கேனான் 7டி-யில். உங்கள் அலமாரியில் தூங்குகிற ரகம்தான். தேசிய விருது வாங்கியது.

இதற்குப் பின்னும் கை அரிக்கிறவர்களுக்கு: மிரர்லெஸ் மோகத்தில் மற்றவர்கள் தள்ளிவிடும் நல்ல டி.எஸ்.எல்.ஆர்.கள் பழைய விலைக்கு வருகின்றன. டி7200, டி750, கேனான் 80டி கிடைத்தால் விடாதீர்கள். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி750-க்கு 1,50,000 வரை சோதித்திருக்கிறார்கள். லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும், அதை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மிச்சப் பணத்தில் ஒரு 50 எம்.எம். வாங்குங்கள். அதிலும் மிஞ்சினால் வத்தல்மலையில் இரண்டு ராத்திரி தங்குங்கள். பிளாஸ்டிக் குடம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இறங்கி வந்ததும் தர்மபுரியில் ஏதாவது ஸ்டூடியோவில் 8-க்கு 6 பிரிண்ட் போடுங்கள். ஒன்றுக்குக் காபி விலைதான் ஆகும். பின்னால் அவரவர் பெயரை எழுதி, அடுத்த முறை போகும்போது கையில் கொடுத்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று அவர்களையே கேளுங்கள்.