பதுவா சர்வகலாசாலையின் முற்றம்

கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும் என்று கருதி, புதிய கலாசாலைக் கட்டடங்களை எழுப்பும்போது திறந்த முற்றத்தை வீண் இடமென்று ஒதுக்கிவிடுவது நல்லதன்று என்பதை எடுத்துக்காட்ட, இத்தாலி தேசத்துப் பதுவா நகரில் சர்வகலாசாலைக்குரிய ‘போ’ மாளிகையின் பழைய முற்றம் ஒன்றே போதும்.

பொலோஞாவை விட்டு வெளியேறிய ஆசிரியர்களும் மாணாக்கர்களும் 1222ஆம் ஆண்டில் தோற்றுவித்த அந்த வித்தியா ஸ்தாபனம், நெடுங்காலம் ஊரில் ஆங்காங்கே சிதறிக் கிடந்து, பிறகு ஒரு பழைய சத்திரம் இருந்த இடத்தில் நிலைகொண்டது; சத்திரத்தின் பெயரே மாளிகைக்கும் நிலைத்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா மொரோனி என்ற கட்டடக் கலைஞர் வகுத்த முற்றத்தை இரண்டடுக்குத் தூண் வரிசைகள் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றின் பின்னுள்ள சுவர்களை அண்ணாந்து நோக்கினால், பல தேசத்து மாணாக்கர்களும், அம்மாணாக்கர்கள் தாமே தேர்ந்தெடுத்த தலைவர்களும் பதித்துச் சென்ற குலச் சின்னங்கள் வர்ணம் தீட்டியவையும் கல்லில் செதுக்கியவையுமாக நெருங்கியிருப்பதைக் காணலாம். 1688இல், பதுவாவை அப்போது ஆண்ட வெனிஸ் அரசு தடை விதிக்கும் வரையில் அவை பெருகிக்கொண்டே இருந்தன. சரீரத்தில் இரத்தம் சுற்றியோடுவதை நிரூபித்த வில்லியம் ஹார்வி 1602இல் பட்டம் பெற்றது இங்கேதான்.

சட்டம் பயின்றோரும் வைத்தியம் பயின்றோரும் தனித்தனி அமைப்புகளாகப் பிரிந்திருந்தும், வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அவர்களுக்கு வாய்த்தது ஒரே முற்றம். கலிலியோ 1592 முதல் 18 ஆண்டுகள் கற்பித்த ஸ்தாபனத்தில், வான சாஸ்திரம் கேட்டவனும் உடற்கூறு கற்றவனும் அறிமுகமாவதற்குத் தனியே ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை.

முற்றத்துப் படிக்கட்டின் அடியில் எலேனா கோர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலை நிற்கிறது. தேவசாஸ்திரத்தில் பட்டம் பெற அவர் விரும்பியதை மேற்றிராணியார் மறுத்துவிட, 1678இல் தத்துவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, உலகில் அவ்வாறு பட்டம் பெற்ற முதல் பெண்மணி என்ற கீர்த்தியை அவர் அடைந்தார். அவருக்குப் பின் நெடுங்காலம் அந்த வாயில் பெண்களுக்கு அடைபட்டிருந்த அநீதியையும், படியேறிச் செல்லும் ஒவ்வொரு மாணவிக்கும் அச்சிலை நினைவூட்டுகிறது.

முற்றத்துக்கு விடும் நிலத்தில் இன்னும் சில வகுப்பறைகள் கட்டலாம் என்பது மெய்யே. ஆயினும் ஒரு துறையார் மற்றொரு துறையாரோடு கலந்து பழகுவதும், தமக்கு முன் படித்தோரின் சரித்திரத்தை அன்றாடம் கண்ணெதிரே காண்பதும் வகுப்பறையால் மட்டும் கிட்டும் பேறுகள் அல்ல. ஆகையால், சர்வகலாசாலைக்குத் திட்டம் வகுப்போர் முற்றத்துக்கு முதலில் இடம் குறித்துவிட்டு, அதைச் சுற்றியே மற்றக் கட்டடங்களை அமைக்க வேண்டும்.