ராத்திரி ரன்வேயும் நம்ம ஊர் டிம் லைட்டும்

ராத்திரியில விமானம் எப்படிப் பறக்குதுன்னு கேக்குறவங்க நிறைய பேர். அது தரையில எப்படி நகருதுன்னு யாரும் கேக்குறதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். மேலே போயிட்டா இடம் தாராளம். கீழே விமானம், எரிபொருள் லாரி, சாமான் வண்டி, பஸ், வேலை செய்யற ஆளுங்க எல்லாரும் ஒரே தரையில, அதுவும் இருட்டுல.

நான் விமானி கிடையாதுங்க. பாப்பாரப்பட்டிக்காரன். எங்க ஊர்லேர்ந்து விமானம் பிடிக்கணும்னா சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகணும். ஆனாலும் இந்த விளக்கு விஷயத்தைப் படிக்கப் படிக்க, ஓட்டுறவங்க எல்லாருக்கும் இதுல பாடம் இருக்குன்னு தோணுது. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :)

முதல்ல எந்த விளக்கு எதுக்குன்னு பார்த்துடலாம்.

இடது இறக்கை நுனியில சிவப்பு, வலதுல பச்சை, பின்னாடி வெள்ளை. இது கப்பல்லேர்ந்து வந்த பழக்கம். எந்த நிறம் தெரியுதுன்னு பார்த்தாலே விமானம் எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பியிருக்குன்னு சொல்லிடலாம்.

முதுகுலயும் வயித்துலயும் சிவப்பா மின்னறது பீக்கன். "இஞ்சினைக் கிளப்பப் போறேன், இல்ல ஓடிக்கிட்டிருக்கு, கிட்ட வராதே"ன்னு அர்த்தம். அது அணையற வரைக்கும் தரை ஊழியர்கள் கிட்ட போக மாட்டாங்க.

முன்சக்கரத் தண்டுல இருக்கறது டாக்ஸி லைட். நகரும்போது வழி பார்க்க உதவும். நிறைய விமானிகள் நின்னவுடனே இதை அணைச்சுடுவாங்க. எதிர்ல இருக்கறவனுக்கு "நான் நிக்கறேன், நீ போ"ன்னு சொன்ன மாதிரி. கையைக் காட்டி வண்டியை நிறுத்தற ஊழியரோட கண்ணும் கூசாது.

இறக்கை நுனியில பளிச் பளிச்னு வெட்டற வெள்ளை விளக்கு ஸ்ட்ரோப். கடைசியா லேண்டிங் லைட். எல்லாத்தையும் விட வெளிச்சம் ஜாஸ்தி.

இதை எப்பப் போடணும்? அமெரிக்க எஃப்.ஏ.ஏ. சொல்ற முறை எனக்குப் பிடிச்சிருக்கு. இஞ்சின் ஓடினா பீக்கன். நகர்ந்தா டாக்ஸி லைட். ரன்வேக்குள்ள போய் நின்னா, லேண்டிங் லைட் தவிர மத்த எல்லாம். புறப்பட அனுமதி கிடைச்சதும் லேண்டிங் லைட். அதாவது வாயைத் திறக்காமலேயே "நான் இங்க நிக்கறேன்", "இதோ கிளம்பிட்டேன்"னு விளக்கே சொல்லிடும்.

"அதான் கண்ட்ரோல் டவர் இருக்கே, ரேடியோ இருக்கே, இதுல விளக்கு என்ன பெரிய விஷயம்"னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு விபத்தைப் பாருங்க.

1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். பொழுது சாஞ்சு இருட்டிடுச்சு. ஸ்கைவெஸ்ட் கம்பெனியோட சின்ன மெட்ரோலைனர் ரன்வேல புறப்பட அனுமதிக்காகக் காத்து நிக்குது. அது அங்க நிக்கறதே டவர்ல இருந்தவங்களுக்கு மறந்து போச்சு. அதே ரன்வேல யூஎஸ்ஏர் போயிங் 737க்கு இறங்க அனுமதி கொடுத்துட்டாங்க. இறங்கறவங்களுக்கு முன்னாடி இருந்தது சின்ன விமானத்தோட முதுகுப்பக்கம். அதோட விளக்குகள் ரன்வே விளக்குகளோட கலந்து போச்சு. கண்ணுல பட்டப்போ நேரம் கடந்துடுச்சு. இரண்டு விமானத்துலயும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. நோட்டோ பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டு போகவேண்டிய ஜப்பான் கடலோரக் காவல்படை விமானம், நுழைய அனுமதி கிடைச்சதா நினைச்சுக்கிட்டு ரன்வேக்குள்ள போய் சுமார் 40 நொடி நின்னுது. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 பின்னாடி வந்து மோதுச்சு. பெரிய விமானத்துல இருந்த 379 பேரும் தப்பிச்சது உலகமே பார்த்த அதிசயம். ஆனா காவல்படை விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் போயிட்டாங்க.

ஒரு இடத்துல டவர் மறந்துது, இன்னொரு இடத்துல விமானி தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். இரண்டு இடத்துலயும் ரேடியோ நல்லாத்தான் வேலை செஞ்சுது! மனுசங்க பேச்சு தவறும்போது கடைசியா மிச்சம் இருக்கறது கண்ணுதான். அந்தக் கண்ணுக்குத் தெரியற மாதிரி நிக்கணும், முக்கியமா முதுகுப்பக்கம். ரன்வேக்குள்ள கால் வச்சா ஸ்ட்ரோப் போட்டே ஆகணும்ங்கறதை வெறும் ஆலோசனையா விடாம, எல்லா நாட்டுலயும் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விதியா வைக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

அதுக்காக எல்லா விளக்கையும் எந்நேரமும் எரிய விடுன்னு சொல்லலை. சர்வதேச விமான விதிகள்லயே, மின்னற விளக்கு வெளியில இருக்கறவன் கண்ணைக் கெடுக்கற மாதிரி கூசினா விமானி அதைக் குறைக்கலாம், அணைக்கலாம்னு இருக்கு. பிரகாசமும் ஒரு ஆபத்துதான்னு விதி எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. விமானத்தோட விளக்கு மட்டும் போதாது. 2017 செப்டம்பர் 5 அதிகாலை, அபுதாபிலேர்ந்து கொச்சி வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பத்திரமா இறங்கிடுச்சு. நிறுத்தற இடத்துக்குப் போகும்போதுதான், அடைமழையில திரும்பவேண்டிய இடத்துக்கு முன்னாடியே திரும்பி வடிகால்ல இறங்கிடுச்சு. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. ஈரத்தரையில தன் வெளிச்சம் தன்னையே ஏமாத்தும். அங்க தரையும் பேசணும். ஓரத்துல நீலம், நடுக்கோட்டுல பச்சை, ரன்வே வாசல்ல "நில்லு"ன்னு சிவப்பு வரிசை. ஹனேடாவுல காவல்படை விமானம் நுழைஞ்ச இடத்துல அந்தச் சிவப்பு வரிசை பராமரிப்புக்காக நிறுத்தி வச்சிருந்தாங்க.

ஓசூர்ல விமான நிலையம்னு 2024 ஜூன்ல சட்டசபையில அறிவிச்சாங்க. வந்தா எங்க பக்கத்து ஜனங்களுக்கு சந்தோஷம்தான். கண்ணாடி மாளிகை எல்லாம் அப்புறம் கட்டிக்கலாம். பச்சை நடுக்கோடும் சிவப்பு வரிசையும் முதல் நாள்லேர்ந்தே எரியணும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம். பாப்பாரப்பட்டிலேர்ந்து தர்மபுரிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல பைக்குல போறவங்களுக்குத் தெரியும். எதிர்ல வர்றவன் ஹைபீமைக் குறைக்கவே மாட்டான். நாம டிம் அடிச்சுக் காட்டினா அவன் இன்னும் பிரைட் ஆக்குவான்! போதாக்குறைக்கு இப்போ வெள்ளை எல்.இ.டி. வேற. அந்த வெளிச்சம் கடந்து போனதும் கண்ணு இருட்டிப் போற இரண்டு நொடியில, பின்னாடி ஒரு சிவப்பு வில்லை கூட இல்லாத கரும்பு டிராக்டரோ, பஞ்சராகி ஓரமா நிக்கற லாரியோ முன்னாடி இருந்தா என்ன ஆகும்?

லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்ததும் இதேதான். முதுகுல வெளிச்சம் தெரியாம நின்ன வண்டி.

பல நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போறவர், எதிர்ல கையைக் காட்டற ஒரே ஒரு ஊழியரோட கண்ணு கூசக்கூடாதுன்னு சுவிட்சை அணைக்கிறார். நமக்கு டிம் சுவிட்ச் கட்டைவிரலுக்குப் பக்கத்துலயே இருக்கு. அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னிக்கு ராத்திரியே எதிர்ல வர்றவனுக்கு ஒரு தடவை குறைச்சுப் பாருங்க. அப்படியே வண்டிக்குப் பின்னாடி போய் சிவப்பு விளக்கு எரியுதான்னும் பார்த்துடுங்க. டிராக்டர் வச்சிருக்கற சொந்தக்காரங்க இருந்தா, ஒட்டுற சிவப்பு வில்லை இரண்டு வாங்கிக் கொடுங்க. பெரிய செலவு ஒண்ணும் இல்லை.