முட்டைப் பால்

கந்தப்பளையில் மார்கழிக் குளிர் ஏறிவிட்டது. நம் பாட்டிமார் தளர்ந்தோர்க்குக் கொடுத்த முட்டைக் கோப்பிக்கு உறவானதே மேனாட்டார் நத்தாரில் அருந்தும் ‘எக்நொக்’. அவர்கள் சேர்க்கும் மதுவை நாம் விலக்குவோம்.

இரண்டு மஞ்சட்கருவை நான்கு தேக்கரண்டிச் சீனியுடன் வெளுக்கும்வரை அடியுங்கள். இரண்டு கோப்பைச் சுடுபாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். அவசரப்பட்டால் முட்டை திரிந்துவிடும். மீண்டும் இளந்தணலில் ஏற்றி, கரண்டியின் முதுகில் படியும்வரை துழாவி இறக்கி, சாதிக்காய் துருவித் தூவுங்கள்.

பச்சை முட்டையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். 71 பாகை செல்சியசில் அது மடியும். மலையுயரத்தில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறதே என்று மாணவர் ஐயுற வேண்டா, அதுவே தாராளம். ஆனால் அடித்த முட்டையில் கோப்பியை ஊற்றி அப்படியே கொடுப்பதைக் கர்ப்பிணிகள், குழந்தைகள் விடயத்தில் நாம் ஒப்புவதற்கில்லை.