வேலிக்கு விளக்கு வேண்டும், வினை வேண்டாம்!

கொல்லைப்புறம் இருட்டாக இருந்தால் பாம்பு பயம், திருடர் பயம். வேலி ஓரத்தில் விளக்கு போடுவது நல்லதுதான். ஆனால், அதை எப்படிப் போடுவது?

பலர் முள்கம்பி வேலியிலேயே ஒயரைக் கட்டி, விளக்கைத் தொங்க விடுகிறார்கள். இது பெரிய ஆபத்து! ஒயரின் மேல்தோல் உரிந்தால், வேலி முழுவதும் மின்சாரம் பாயும். ஈரத் துணி காயப்போடும் தாயும், பந்து எடுக்கப் போகும் பிள்ளையும் பலியாக நேரும்.

விளக்குக்குத் தனிக் கம்பம் நட வேண்டும். ஒயரைக் குழாய்க்குள் விட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் வீட்டில் இருக்க வேண்டும். "ஐ.பி. 65" என்று குறிக்கப்பட்ட விளக்கில் தூசியும் மழைநீரும் புகாது.

பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 10 மணி நேரம் எரிந்தால், மாதம் 18 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட் கூட ஆகாது. வெளிச்சமும் குறையாது!

வெள்ளை விளக்கு பூச்சிகளை அதிகம் இழுக்கும். பூச்சியைத் தேடித் தவளை வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரும்! மஞ்சள் விளக்கே மேல். அது தரையைப் பார்க்கட்டும். அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம்.

பல்பில் மிச்சமாகும் பணத்தைப் பாதுகாப்புக் கருவிக்குச் செலவிடலாமே! போன உயிரை எந்தக் கடையில் வாங்க முடியும்?